கிளாடியா ஜோன்ஸ் நினைவு மாலை: தாராவியில் அவரை எப்படி அறிமுகப்படுத்துவது?

சயான் வாசகி (கேள்வி)

வணக்கம். சயான், தாராவி, மாட்டுங்கா பகுதிகளில் வசிக்கும் ஏறத்தாழ இருபது பேர் சேர்ந்து நடத்தும் எங்கள் வாசகர் வட்டம், ஆண்டுதோறும் பிப்ரவரி 21ஆம் நாளை உலகத் தாய்மொழி நாளாகக் கொண்டாடி வருகிறது. ஒரு கவியரங்கம், ஒரு சிறப்புரை, கடைசியில் தேநீரும் வடாபாவும் என்பதே வழக்கமான நிகழ்ச்சி நிரல். 1915ஆம் ஆண்டு அதே பிப்ரவரி 21இல்தான் டிரினிடாட் தீவின் போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரத்தில் கிளாடியா ஜோன்ஸ் பிறந்தார் என்பதைத் தற்செயலாக அறிந்ததும், இந்த ஆண்டு மாலையை அவருக்காக ஒதுக்கலாம் என்று நான் முன்மொழிந்தேன். பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவருடைய வாழ்வில் எதை முன்னிறுத்துவது என்பதில் பேச்சு நீண்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தும் துண்டறிக்கை அச்சுக்குப் போகவில்லை.

அவரைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொக்கோ வணிகம் சரிந்து குடும்பம் நொடித்துப்போன பிறகு, முன்பே நியூயார்க் சென்றிருந்த பெற்றோரிடம் 1924இல் சிறுமியாகப் போய்ச் சேர்ந்தார். ஆடைத் தொழிற்சாலையில் உழைத்த தாய் சில ஆண்டுகளிலேயே இறந்துபோனார். ஹார்லெம் பகுதியில் ஈரம் ஊறிய வீட்டில் வாழ்ந்த கிளாடியாவைப் பதினேழு வயதில் காசநோய் பற்றியது. அதன் விளைவுகள் கடைசிவரை அவரை விடவில்லை. அமெரிக்காவில் இதழாளராகவும் கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னணிப் பேச்சாளராகவும் வளர்ந்த அவரை அந்நாட்டு அரசு சிறையில் அடைத்து, 1955 டிசம்பரில் நாடு கடத்தியது. பிறந்த மண்ணான டிரினிடாட்டின் காலனிய நிர்வாகம் அவரை ஏற்க மறுத்ததால், பிரிட்டிஷ் குடிமகள் என்ற உரிமையில் இலண்டன் வந்து சேர்ந்தார். அங்கே 1958 மார்ச்சில் ‘வெஸ்ட் இந்தியன் கெஜட்’ என்ற இதழைத் தொடங்கினார்; அடுத்த ஆண்டு கரீபியத் தீவு மக்களின் ஆடல் பாடல் விழாவான கார்னிவலை நடத்தினார்; 1964 டிசம்பரில் 49 வயதில் காலமானார்.

இனி என் சிக்கல்களைச் சொல்கிறேன். எங்கள் வட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், நான் மிகவும் மதிக்கும் ஐயா, ‘கொண்டாடுவதற்கு நம்மில் ஆளில்லையா, எங்கோ பிறந்து எங்கோ மறைந்த ஒருவருக்கு நாம் ஏன் மேடை போட வேண்டும்’ என்று கேட்டார். அவர் அதைக் காழ்ப்பில் கேட்கவில்லை. 1960களின் பிற்பகுதியில் இந்த நகரத்தில் தென்னிந்தியர்களுக்கு எதிராக முழக்கங்கள் எழுந்த நாள்களில், கடைப் பலகையிலிருந்த தமிழ் எழுத்தைத் தந்தையே தாரால் அழித்ததைப் பார்த்து வளர்ந்தவர் அவர். தாராவியின் கதையை யாரும் எழுதி வைக்காதபோது பிறர் கதையை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும் என்பது அவருடைய ஆதங்கம். அதற்கு என்னிடம் ஒரு விடை இருப்பதாக உணர்கிறேன். ஆனால் அதைச் சொல்லாக்க முடியவில்லை.

மற்றொரு நண்பர், பள்ளிக்கூட அரங்கை நமக்குத் தருகிறவர்கள் அரசியல் என்றால் தயங்குவார்கள் என்பதால் கம்யூனிஸ்ட் என்ற சொல்லையே தவிர்த்துவிட்டு, ‘சமூக சேவகி, கலை ஆர்வலர்’ என்று போட்டுவிடலாம் என்கிறார். எனக்கு இது உறுத்துகிறது. துண்டறிக்கைக்காக நான் எழுதி வைத்திருக்கும் முதல் வரி இது: ‘1959இல் நாட்டிங்ஹில் வீதிகளில் முதல் கார்னிவலை நடத்திய கார்னிவலின் தாய்.’ இது சரிதானா? மேலும், தாராவி இளைஞர்களின் பறைக் குழு ஒன்று வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. அவர்களை எந்த இடத்தில், எதற்காக வாசிக்கச் சொல்வது என்பதும் விளங்கவில்லை. பதிப்பு, இசை, மரபு என்று மூன்று உரைகளாகப் பிரித்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன். இத்துறைகளில் பழக்கம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மாட்டுங்கா மெய்ப்புக்காரன்

அம்மா, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மூன்று உரைகளாகப் பிரிக்காதீர்கள். பிரித்தால் அந்த அம்மையார் செய்த வேலையின் உயிர்நாடி அறுந்துவிடும். இதழ் நடத்தியவர் ஓய்வு நேரத்தில் விழாவும் நடத்தினார் என்பதல்ல கதை; இதழ்தான் விழாவை நடத்தியது. அந்த அலுவலகமும் அந்தச் சந்தாதாரர்களும் இல்லையென்றால் கார்னிவலுக்கு அரங்கு பிடிக்கவும் ஆள் திரட்டவும் வேறு அமைப்பு அங்கே தயாராக இருக்கவில்லை.

முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்த நகரத்துச் சிறிய தமிழ் அச்சகங்களில் மெய்ப்புப் பார்த்தவன் என்ற முறையில், அந்த இதழைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத அனுமதியுங்கள். இலண்டனின் பிரிக்ஸ்டன் சாலையில் 250ஆம் இலக்கத்தில், ஒரு கடைக்கு மேலிருந்த மாடி அறைதான் ‘வெஸ்ட் இந்தியன் கெஜட்’டின் அலுவலகம். கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் பெருமளவில் குடியேறிய பகுதி அது. 1948 ஜூன் 22 அன்று ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பல் டில்பரி துறைமுகத்தில் வந்து நின்றதற்குப் பிந்தைய பத்தாண்டுகளில், பேருந்துக்கும் மருத்துவமனைக்கும் தொழிற்சாலைக்கும் ஆள் வேண்டும் என்று அழைக்கப்பட்டு வந்தவர்கள், வீடு வாடகைக்குக் கேட்டபோது கறுப்பர்களுக்கு இடமில்லை என்ற பலகையைப் பார்த்தார்கள். அவர்களுடைய தீவுகளின் செய்தியை, வேலை பறிபோன கதையை, ஆப்பிரிக்க விடுதலைப் போராட்டங்களை, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைக் கிளர்ச்சியை ஒரே தாளில் வைத்துக் கொடுக்க அங்கே ஒரு மாத இதழ் தேவைப்பட்டது. கறுப்பின விடுதலை இயக்கத் தலைவர் மார்க்கஸ் கார்வியின் முதல் மனைவியாக மட்டும் பலர் அறிந்திருக்கும் ஏமி ஆஷ்வுட் கார்வி என்ற பெருமாட்டியும் தொடக்கத்தில் கிளாடியாவுக்குத் துணை நின்றார். அவர் பெயரையும் உங்கள் மேடையில் ஒருமுறையாவது உச்சரித்துவிடுங்கள்.

இதழின் பெயர் பிறகு ‘வெஸ்ட் இந்தியன் கெஜட் அண்ட் ஆஃப்ரோ ஏஷியன் கரீபியன் நியூஸ்’ என்று நீண்டது. தலைப்பை நீட்டினால் அச்சுக்கோப்பவன் திட்டுவான் என்று தெரிந்தும் நீட்டியிருக்கிறார் என்றால், அதற்குக் காரணம் இருந்திருக்க வேண்டும்: ஆசியாவிலிருந்து வந்தவர்களையும் அவர் தம் வாசகர்களாகவே எண்ணினார். அந்த இதழின் நிர்வாகத்தில் உடனிருந்தவரும் அவருடைய வாழ்க்கைத் துணையுமான அபிமன்யு மன்சந்தா இந்தியாவில் பிறந்த கம்யூனிஸ்ட். ஆகவே, நம்மில் ஆளில்லையா என்று கேட்கும் உங்கள் மூத்தவரிடம், இந்தியர் ஒருவரும் சேர்ந்து இழுத்த தேர் அது என்று சொல்லுங்கள்.

மிக நல்ல நாள்களில் அந்த இதழ் 15,000 படிகள் வரை விற்றதாகச் சொல்வார்கள். எண்ணிக்கையைப் பார்த்து வளமாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பணமுடை கடைசிவரை தீரவில்லை. எங்கள் அச்சகத்திலும் பொங்கல் மலருக்கு முழுப்பக்க விளம்பரம் கொடுத்துவிட்டு அடுத்த பொங்கல் வரை பணம் கொடுக்காமல் நடக்கவிட்ட கடைக்காரர் ஒருவர் உண்டு. சிற்றிதழ்க்காரர்களின் கஷ்டம் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான். டொனால்டு ஹைண்ட்ஸ் என்ற ஜமைக்கா இளைஞர் பகலில் இலண்டன் பேருந்தில் நடத்துநராக வேலை பார்த்துக்கொண்டே அந்த இதழுக்குச் செய்தி எழுதினார். மும்பையின் பெஸ்ட் பேருந்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டே கதை எழுதிய தமிழர்களை நான் அறிவேன் என்பதால், இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 1958இல் வெள்ளை நிறவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளான் பெயரில் அந்த அலுவலகத்துக்கு இழிவான சொற்களுடன் மிரட்டல் கடிதமும் வந்தது. கடிதம் வந்த பிறகும் இதழ் வந்துகொண்டிருந்தது.

குரல் இல்லாத மக்கள் வெட்டுக்குப் போகும் ஆட்டுக்குட்டிகள் போன்றவர்கள் என்பது கிளாடியாவின் எண்ணம். இதழ் தொடங்கியதற்கு அவர் கண்ட காரணம் அது. இதைப் படிக்கும்போது மும்பைக்காரனுக்கு வேறொன்றும் நினைவுக்கு வர வேண்டும். இதே நகரத்தில் 1920 ஜனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கர் தொடங்கிய மராத்தி இதழின் பெயர் ‘மூக்நாயக்’, ஊமைகளின் தலைவன். தமிழில் இதற்கும் முன்பே இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்று, பிறர் வசையாக வைத்திருந்த பெயரையே தலைப்பாக வைத்து இதழ் நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். பின்னர் அது கோலார் தங்கவயலிலிருந்தும் வெளிவந்தது. புலம்பெயர்ந்த உழைப்பாளிகள் சுரங்கத்தின் வாயிலில் அமர்ந்து படித்த இதழ் அது. இவற்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால், பிரிக்ஸ்டன் மாடி அறை நமக்கு அந்நியமாகத் தோன்றாது. அம்பேத்கரும் அயோத்திதாசரும் செய்ததையே அவர் செய்தார் என்று மட்டும் சமப்படுத்திவிடாதீர்கள். சாதி வேறு, நிறவெறி வேறு. ஆனால் சொந்தத் தாள் இல்லாதவர்களைப் பற்றி ஊர்த்தாள்கள் என்ன எழுதும் என்பதை இம்மூவரும் அறிந்திருந்தார்கள்.

ஒரு சிறு வேண்டுகோள். துண்டறிக்கையின் மெய்ப்பை எனக்கு அனுப்புங்கள். ‘டிரினிடாட்’ என்ற சொல்லை மூன்று விதமாக அச்சடித்த நோட்டீஸை நான் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறடிப் பறை

வணக்கம் அக்கா. நீங்கள் குறிப்பிட்ட குழுவில் நானும் ஒருவன். ஆகவே எங்களை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு நானே விடை சொல்வது முறையாகாது என்றாலும், எங்கே வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். சிறப்பு விருந்தினர் வண்டியிலிருந்து இறங்கும்போது வாசலில் நின்று அடிக்கும் வரவேற்பு மேளமாக மட்டும் எங்களை வைக்க வேண்டாம். அதைப் பத்து ஆண்டுகள் செய்துவிட்டோம்.

கிளாடியா ஜோன்ஸ் நடத்திய முதல் கார்னிவலின் மேடையில் ஸ்டீல்பேன் குழுக்கள் வாசித்தன. அந்தக் கருவியின் கதையை நீங்கள் கேட்க வேண்டும். டிரினிடாட்டில் அடிமை முறை ஒழிந்த பிறகும் கறுப்பின மக்களின் தோல் முரசுகள் ஆட்சியாளர்களுக்கு அச்சமூட்டின. 1881இல் கார்னிவல் ஊர்வலத்தினருக்கும் காவலர்களுக்கும் மோதல் வெடித்ததைத் தொடர்ந்து, 1880களிலேயே முரசடிப்பதற்குத் தடைகள் வந்தன. தோலை அடிக்கக் கூடாது என்றதும் மக்கள் மூங்கிலை வெவ்வேறு நீளத்தில் வெட்டித் தரையில் இடித்துத் தாளம் எழுப்பினார்கள். பிறகு பிஸ்கட் தகரம், பெயின்ட் டப்பா, கடைசியில் எண்ணெய் பீப்பாய். பீப்பாயின் அடித்தட்டைச் சம்மட்டியால் குழித்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு சுரம் வரும்படி தட்டிச் சேர்த்த கருவிதான் ஸ்டீல்பேன். 1930களின் பிற்பகுதியிலும் 1940களிலும் குடிசைப் பகுதி இளைஞர்கள் அதை உருவாக்கினார்கள். தொடக்கத்தில் மரியாதைக்குரிய குடும்பங்கள் அவர்களை ரவுடிகள் என்றன. இன்று அது அந்த நாட்டின் தேசிய இசைக்கருவி.

தகரம் தட்டிப் பிழைக்கும் பட்டறைகள் நிறைந்த தாராவியில் இதை விளக்கவே வேண்டியதில்லை; பீப்பாயைக் காட்டினால் போதும். பறையின் கதையும் எல்லோருக்கும் தெரிந்ததே. சாவுக்கு அடிக்கும் மேளம் என்று ஒதுக்கப்பட்டதை, எங்கள் தாத்தாக்கள் அடிக்க மாட்டோம் என்று மறுத்ததை, பேரன்கள் நாங்கள் தலை நிமிர்ந்து கையிலெடுத்திருக்கிறோம். மறுத்ததும் சரி, எடுத்ததும் சரி என்பதைப் புரிய வைக்க எனக்கு ஸ்டீல்பேனின் கதை உதவியிருக்கிறது.

ஒரு கிளைச் செய்தி: அந்தக் கடலோரத்தில் நம்முடைய கருவியும் உண்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள், கயானாவின் காளியம்மன் கோயில்களில் இன்றும் தப்பு அடிக்கிறார்கள். மொழி போய்விட்டது, தப்பு இருக்கிறது. மூத்த ஐயாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

எனவே என் கருத்து: இதழைப் பற்றிய உரை முடிந்து, 1958இல் இலண்டனின் நாட்டிங்ஹில் பகுதியில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்ட கலவரத்தைப் பற்றிப் பேசிவிட்டு, கார்னிவலுக்கு நீங்கள் வரும் இடத்தில் எங்களை வாசிக்க விடுங்கள். அதற்கு முன் ஸ்டீல்பேன் இசையின் ஒலிப்பதிவு ஒன்றை மூன்று நிமிடம் ஒலிக்கச் செய்யுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். கலந்தால் திருமண வரவேற்பு போலாகிவிடும்.

கலீனா ஆய்வாளர்

இவ்விழையை ஆர்வத்துடன் படித்தேன். நான் இங்கே பெண்கள் வரலாறு சார்ந்த ஆய்வில் ஈடுபட்டிருப்பவள். வாசகியின் துண்டறிக்கை வரியைத் திருத்துவதற்காகவே எழுதத் தொடங்கினேன். எழுத எழுத நீண்டுவிட்டது.

‘1959இல் நாட்டிங்ஹில் வீதிகளில்’ என்பது தவறு. 1958 ஆகஸ்ட் கடைசியில் நாட்டிங்ஹில்லில் வெள்ளையின இளைஞர் கும்பல்கள் கறுப்பின மக்களைத் தேடித் தாக்கிய கலவரம் செப்டம்பர் முதல் வாரம் வரை நீடித்தது. அந்தக் கசப்பை வாயிலிருந்து கழுவ வேண்டும் என்ற பேச்சு எழுந்து, அதற்கு விடையாகக் கார்னிவல் என்ற எண்ணம் பிறந்தது என்று கெஜட்டைச் சேர்ந்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். 1959 ஜனவரி 30 அன்று நடந்த அந்த விழா வீதியில் நடக்கவில்லை. செயின்ட் பேங்க்ரஸ் நகர மண்டபத்துக்குள் நடந்தது. இலண்டன் ஜனவரியில் வீதியில் ஆட முடியுமா என்பதை எண்ணிப் பார்த்தாலே இது விளங்கும். டிரினிடாட்டில் கார்னிவல் தவக்காலத்துக்கு முந்தைய இரு நாள்களில் வருவது. அந்தப் பருவத்தை விடாமல், குளிரையும் சமாளிக்க அவர்கள் கண்ட வழி மண்டபம். டிரினிடாட் கலைஞரான எட்ரிக் கானர் இயக்க, பாஸ்கோ ஹோல்டரின் நடனக் குழுவும், டிரினிடாட்டின் பாடல் வகையான கலிப்ஸோவைப் பாடும் மைட்டி டெரரும், ஜாஸ் பாடகி கிளியோ லேனும் பங்கேற்றார்கள். பிபிசி அதைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பியது. விழா மலரின் முகப்பு வாசகம், ஒரு மக்களின் கலையே அவர்களுடைய விடுதலையின் தோற்றுவாய் என்ற பொருளில் அமைந்தது.

அந்த மலரில் இன்னொரு வரியும் இருந்தது. எனக்கு அதுதான் முக்கியம். மலர் விற்பனையில் ஒரு பகுதி, நாட்டிங்ஹில் நிகழ்வுகளில் தண்டம் விதிக்கப்பட்ட கறுப்பின, வெள்ளையின இளைஞர்களின் தண்டத்தொகையைக் கட்டப் பயன்படும் என்று அதில் அறிவித்திருந்தார்கள். பாட்டு, கூத்து, அழகிப் போட்டி எல்லாம் இருந்த ஒரு மாலையின் கணக்கு, நீதிமன்றத் தண்டத்தொகையில் போய் முடிந்தது. அழகிப் போட்டி என்றதும் நம்மில் பலர் முகம் சுளிப்போம், நானும்தான். ஆயினும், அழகு என்றால் வெளிறிய தோல் என்றே இதழ்களும் விளம்பரங்களும் காட்டிக்கொண்டிருந்த நகரத்தில் கரிய பெண்ணுக்கு மேடையில் மகுடம் சூட்டியதை அன்றைய கண்ணால் பார்க்க வேண்டும். சிவப்பழகு களிம்பு விற்காத மளிகைக்கடை நம் சந்தில் உண்டா?

அந்த விழா நடந்து நான்கு மாதங்கள் கூட ஆகவில்லை. மே 17 அன்று கெல்ஸோ காக்ரேன் என்ற ஆண்டிகுவா தச்சுத் தொழிலாளியை நாட்டிங்ஹில்லில் வெள்ளையின இளைஞர்கள் குத்திக் கொன்றார்கள். இறுதி ஊர்வலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். ஆகவே கார்னிவல் வந்ததும் காயம் ஆறிவிட்டது என்ற தொனி மேடையில் வேண்டாம்.

வீதிக் கார்னிவல் பின்னர் வந்தது. 1966இல் ரோன் லாஸ்லட் என்ற சமூகப் பணியாளர் நாட்டிங்ஹில்லில் குழந்தைகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்குமாக ஒரு தெருவிழா நடத்தினார். ரஸ்ஸல் ஹெண்டர்சனின் ஸ்டீல்பேன் குழு வாசித்துக்கொண்டே தெருவில் நடக்க, மக்கள் பின்தொடர்ந்தார்கள். இன்று ஆகஸ்ட் இறுதியில் நடக்கும் மாபெரும் கார்னிவலின் நேரடித் தொடக்கம் அதுதான் என்பவர்கள் உண்டு. கிளாடியாவின் மண்டப விழாக்கள்தான் விதை என்பவர்களும் உண்டு. இரு பெண்களில் ஒருவரை மட்டும் தாயாக்கினால் மற்றவர் காணாமல் போவார். தாய் என்ற பட்டமே எனக்குச் சற்று அலுப்பூட்டுகிறது. ஆண்களைத் தலைவர், ஆசிரியர், நிறுவனர் என்கிறோம். பெண் என்றதும் தாய். அவர் நிறுவனர், ஆசிரியர். அப்படியே போடுங்கள்.

இனி கம்யூனிஸ்ட் என்ற சொல். அதை நீக்கினால், அவர் ஏன் இலண்டனில் இருந்தார் என்பதையே உங்களால் விளக்க முடியாது. 1931இல் அலபாமா மாநிலத்தில் பொய்க் குற்றச்சாட்டில் மரண தண்டனைக்கு ஆளான ‘ஸ்காட்ஸ்பரோ’ கறுப்பின இளைஞர்களுக்காக வாதாடிய கட்சி என்பதால்தான் 1936இல் அவர் இளம் கம்யூனிஸ்ட் அமைப்பில் சேர்ந்தார். 1949இல் அவர் எழுதிய கட்டுரை, அக்காலச் சொல்வழக்கில் ‘நீக்ரோ பெண்’ணின் சிக்கல்களைப் புறக்கணிப்பதற்கு முற்றுப்புள்ளி வையுங்கள் என்று சொந்தக் கட்சியைப் பார்த்தே கேட்டது. தொழிலாளியாக, கறுப்பினத்தவராக, பெண்ணாக என்று மூன்று சுமைகள் ஒரே உடலின் மேல் இறங்குவதை அதில் காட்டினார். வீட்டு வேலை செய்யும் கறுப்பினப் பெண்களைத் தொழிற்சங்கங்கள் கண்டுகொள்ளாததையும், முற்போக்கு பேசும் தோழர்களின் வீட்டிலேயே அவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. காலை ஆறு மணிக்குத் தாராவியிலிருந்து கிளம்பி நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டு வரும் நம் அக்காமார்கள் உங்கள் அரங்கில் அமர்ந்திருப்பார்கள் அல்லவா? அந்தக் கட்டுரையின் இரண்டு பத்திகளைத் தமிழாக்கி வாசியுங்கள். அரங்கில் அன்று வேறு எந்த உரையும் அவ்வளவு தூரம் எட்டாது.

பிறகு, 1950 மகளிர் நாளில் அவர் ஆற்றிய, கட்சி இதழில் அச்சான உரையே அவர்மீதான வழக்கில் சான்றாக வைக்கப்பட்டது. அரசைக் கவிழ்க்கத் தூண்டுவதைக் குற்றமாக்கிய ஸ்மித் சட்டத்தின்கீழ் தண்டனை பெற்று 1955இல் மேற்கு வர்ஜீனியாவின் ஆல்டர்சன் பெண்கள் சிறையில் இருந்தார். இதயமும் நுரையீரலும் ஏற்கெனவே நலிந்திருந்த உடலோடு. எழுதியதற்கும் பேசியதற்கும் சிறை சென்றவரைச் சமூக சேவகி என்று மட்டும் அச்சிடுவது அவர் பட்டதைத் துடைத்தெறிவதாகும். அரங்கம் தருகிறவர்களிடம், பிரிட்டனின் அஞ்சல் துறையே 2008இல் அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டிருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். அரசு முத்திரை பல தயக்கங்களைப் போக்கும்.

அவருக்குப் பின் என்ன ஆயிற்று என்பதையும் இரண்டு நிமிடம் சொல்லலாம். அவர் மறைந்த பிறகு கெஜட் நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. ஆனால் கயானாவில் பிறந்த ஜெசிகா ஹன்ட்லி, கணவர் எரிக்குடன் இலண்டனில் போகிள் லூவர்ச்சர் பதிப்பகத்தைத் தொடங்கி 1969இல் கயானா வரலாற்றாசிரியர் வால்டர் ராட்னியின் நூலை வெளியிட்டார். ஆக்ராவில் பிறந்த மார்கரெட் பஸ்பி என்று ஒரு நோட்டீஸில் பார்த்திருக்கிறேன், சிரிப்புதான் வந்தது. கானாவின் அக்ராவில் பிறந்தவர் அவர். 1967இல் அலிசன் அண்ட் பஸ்பி பதிப்பகத்தைக் கூட்டாக நிறுவி, பிரிட்டனின் முதல் கறுப்பினப் பெண் பதிப்பாளர் எனப் பெயர் பெற்றார். ஜெசிகா, எரிக் இருவரும் கடிதம், ரசீது, சுவரொட்டி என்று சேர்த்து வைத்த தாள்கள் இலண்டன் மாநகர ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. உங்கள் மூத்த உறுப்பினர் தாராவியின் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை என்று வருந்தினார் அல்லவா? அவரிடம் பழைய ரசீதுகள் இருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள்.

சயான் வாசகி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கலீனா அம்மையாரின் கடைசி வரியைப் படித்துவிட்டு நேற்று மாலை மூத்த ஐயாவின் வீட்டுக்குப் போனேன். கேட்டதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். 1970களில் சால் எனும் வரிசைக் குடியிருப்பின் வாசிகள் கூட்டாக நடத்திய பொங்கல் விழாவின் வரவு செலவு நோட்டு, இரவுப் பள்ளிக்கு மண்ணெண்ணெய் வாங்கிய சீட்டுகள், நான்கே பக்கங்களில் கல்லச்சில் வந்த ஒரு கையெழுத்து இதழின் இரண்டு படிகள். இதழின் கடைசிப் பக்கத்தில், வழக்கில் சிக்கிய இரண்டு பையன்களின் ஜாமீனுக்காக விழாச் செலவில் மிச்சப்பட்ட 43 ரூபாய் கொடுக்கப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. நான் செயின்ட் பேங்க்ரஸ் மலரின் தண்டத்தொகைக் கணக்கைப் பற்றி அவரிடம் சொன்னேன். ‘அந்த அம்மாளும் கணக்கு எழுதி வைத்தாரா’ என்று கேட்டார். அவ்வளவுதான், எதிர்ப்பு அத்துடன் நின்றது.

துண்டறிக்கையின் முதல் வரியை மாற்றிவிட்டேன்: ‘இதழாசிரியர், கம்யூனிஸ்ட், இலண்டன் கரீபியன் கார்னிவலின் நிறுவனர் கிளாடியா ஜோன்ஸ், 1915–1964.’ அரங்கம் தருகிறவர்கள் ஒருமுறை புருவம் உயர்த்தினார்கள். அஞ்சல் தலைப் படத்தைக் காட்டியதும் தாழ்த்தினார்கள். ஒரே உரை, நடுவில் ஸ்டீல்பேன் ஒலிப்பதிவு, அதன்பின் பறை, பிறகு 1949 கட்டுரையிலிருந்து இரண்டு பத்திகள். அவற்றை வாசிக்க எங்கள் சந்தில் வீட்டு வேலைக்குப் போகும் ஓர் அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார். தமிழாக்கத்தில் இரண்டு சொற்கள் வாயில் வரவில்லை என்று அவரே மாற்றியும் கொடுத்துவிட்டார். ஐயாவின் டிரங்குப் பெட்டி வாசலருகே மேசையில் திறந்தபடி இருக்கும். தாள்களைத் தொடுவதற்கு முன் கை துடைத்துக்கொள்ளத் துணி வைப்போம்.

மெய்ப்பு நாளை மாட்டுங்காவுக்கு வருகிறது ஐயா. ‘டிரினிடாட்’ நான்கு இடங்களில் இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன்.